ஆகாதவன் என்று யாரைச் சொல்வது?



தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் தோட்ட வீடுகளிலும், ரவாங் பக்கத்து அடுக்குமாடிகளிலும், கம்பங்களிலும் இரண்டு வகையான வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டில் வருவோர் போவோருக்கெல்லாம் இனிப்பு. அத்தைக்கும் மாமாவுக்கும் தொலைபேசியில் செய்தி பறக்கும். அடுத்த வீட்டிலோ வாசற்கதவு பாதி சாத்தியிருக்கும். தாய் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். தகப்பன் பசியாறாமலே வேலைக்குப் போய்விடுவார். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்டால், "கிடக்கிறான் உள்ளே" என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலிலேயே அவனுக்குத் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும்.

"மக்கு", "உருப்படாதவன்", "ஒன்றுக்கும் ஆகாதவன்" என்று நம் வாயில் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது! ஒரு தாளில் வந்த எழுத்தைப் பார்த்து ஒரு முழு மனிதனுக்குப் பெயர் வைத்துவிடுகிறோம்.

இது பிள்ளைகளோடு நிற்பதில்லை. தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, வீட்டு மனைகள் எழும்பியபோது வேலை இழந்த தகப்பனார்கள் எத்தனை பேர்! முப்பது வருடம் கத்தி பிடித்த கைக்குப் பட்டணத்தில் காவற்காரர் வேலைதான் கிடைத்தது. "நான் தோற்றுப்போனவன்" என்று அவர் தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார். குடியை விடுவதாகச் சத்தியம் செய்து மூன்றாம் முறையும் தவறியவர் இருக்கிறார். சீட்டுப் பணம் கட்டிச் சிறு கடை வைத்து, ஒரே வருடத்தில் கடனோடு கடையை மூடியவர் இருக்கிறார். வாழப் போன இடத்தில் வாழ முடியாமல் பிள்ளையோடு தாய் வீடு திரும்பிய சகோதரி இருக்கிறாள். இவர்களை எல்லாம் மனத்தில் வைத்துத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். இந்தப் பகுதியைப் படிப்பவர்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, தேவாலயத்துக்குப் போகிறவர்களும் உண்டு. தோல்வி இரண்டு வாசலிலும் ஒரே மாதிரிதான் வந்து நிற்கிறது.

பாதி வழியில் திரும்பிய வாலிபன்

வேதாகமத்தில் மாற்கு என்று ஒரு வாலிபனைப் பற்றி எழுதியிருக்கிறது. அவன் முழுப் பெயர் யோவான் மாற்கு. எருசலேமில் அவன் தாயார் மரியாளின் வீட்டில்தான் ஆதிச் சபையார் கூடி ஜெபித்தார்கள். நல்ல வீடு, நல்ல தாய், நல்ல வளர்ப்பு. பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் புறப்பட்டபோது இந்த வாலிபனையும் உதவிக்கு அழைத்துப் போனார்கள்.

சீப்புரு தீவைக் கடந்து, கப்பலேறிப் பம்பிலியா நாட்டிலுள்ள பெர்கே பட்டணம் வரையில் போனார்கள். அங்கே மாற்கு அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். இதை அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்தில் காணலாம். ஏன் திரும்பினான் என்று அங்கே எழுதவில்லை. காரணம் எதுவாயிருந்தாலும், முன்னே மலைப்பாதை கிடக்க, ஆள் தேவைப்படும் நேரத்தில் அவன் போய்விட்டான் என்பது உண்மை.

சில வருடங்கள் கழித்து இரண்டாம் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மாற்குவையும் அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. முடியவே முடியாது என்றார் பவுல். பாதியில் விட்டுவிட்டு ஓடியவனை நம்பி மறுபடியும் எப்படிப் போவது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. வேலையில் பொறுப்புள்ள எந்தத் தண்டலும் அப்படித்தான் சொல்லுவார். வாக்குவாதம் முற்றி, அவ்வளவு காலம் ஒன்றாக உழைத்த இரண்டு பெரியவர்களும் பிரிந்தே போனார்கள். பவுல் சீலாவைக் கூட்டிக்கொண்டு ஒரு திசையில் போனார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு தம் சொந்தத் தீவாகிய சீப்புருவுக்குக் கப்பலேறினார். வேதம் இந்தச் சண்டையை மூடி மறைக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. சபையைத் துன்பப்படுத்திய சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, அவரை நம்பிப் பக்கத்தில் சேர்க்க ஒருவரும் துணியவில்லை. அன்று அவர் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போய், இவருக்காக நான் பேசுகிறேன் என்று முன்னே நின்றவர் யார்? இதே பர்னபாதான். அந்தச் சவுல்தான் பிறகு பவுல் ஆனார். முன்பு யாரும் நம்பாத சவுலை நம்பிய மனிதர்தான் இப்போது யாரும் நம்பாத மாற்குவை நம்பினார். தமக்கு நேர்ந்ததைப் பெரியவர் பவுல்கூட அந்த நேரத்தில் மறந்திருப்பார் போலும். நாமும் மறக்கிறோம் அல்லவா? நாம் ஏறிவந்த ஏணியை யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது, மேலே வந்த பிறகு நம் நினைவில் நிற்பதில்லை.

சீப்புருவுக்குப் போன பிறகு பர்னபாவின் பெயர் அப்போஸ்தலர் நடபடிகளில் மறுபடியும் வரவே இல்லை. ஒரு வாலிபனை நிமிர்த்தி நிறுத்தும் வேலைக்கு விளம்பரம் கிடையாது. ஆனால் பலன் மட்டும் தெரிகிறது. பல வருடங்களுக்குப் பின் பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபங்களில், தம்மோடு இருக்கும் உடன் வேலையாட்களின் வரிசையில் மாற்குவின் பெயரும் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், வரும்போது மாற்குவையும் அழைத்து வா, ஊழியத்தில் அவன் எனக்கு உதவியானவன் என்ற கருத்தில் எழுதுகிறார். வேண்டாம் என்று தள்ளிய அதே வாய், வேண்டும் என்று கேட்கிறது. சபையின் பாரம்பரியப்படி, 16 அதிகாரங்களில் நம் கையில் இருக்கும் மாற்கு சுவிசேஷத்தை எழுதியவரும் இவர்தான். நான்கு சுவிசேஷங்களிலும் இதுவே முதலில் எழுதப்பட்டது என்பது வேத அறிஞர் பலரின் முடிவு.

பெர்கே பட்டணத்தோடு மாற்குவின் கணக்கை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பால் மரத்தின் கதை

இது எங்கோ பழங்காலத்துப் பரிசுத்தவான்களின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் பாட்டன் பாட்டிகளுக்குச் சோறு போட்ட பால் மரத்தின் கதையும் இதுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில்கூட இதை அறியாதவர்கள் உண்டு.

ரப்பர் மரம் இந்த மண்ணில் பிறந்தது அல்ல. அதன் தாய்நாடு தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1873-இல் அங்கிருந்து ஏறத்தாழ 2,000 விதைகள் இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முளைத்தவை வெறும் 12. அவற்றில் ஆறு கன்றுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவை பிழைக்கவில்லை. முதல் முயற்சி தோல்வி. 1876-இல் விக்காம் என்ற வெள்ளைக்காரர் 70,000 விதைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவற்றிலும் முளைத்தவை சுமார் 2,700-தான். நூற்றுக்கு நான்குகூட இல்லை. மற்ற விதைகளெல்லாம் வீண்.

1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குப் போயின. அங்கே இன்றும் ஒரு பழைய மரத்தை வேலி கட்டிப் பாதுகாத்துக் காட்டுகிறார்கள்.

மரம் வந்துவிட்டது, வளர்ந்தும் விட்டது. ஆனால் யாரும் சீந்தவில்லை. ஏறத்தாழ இருபது வருடங்கள் அது தாவரத் தோட்டத்தில் நின்ற ஒரு வேடிக்கை மரமாகவே இருந்தது. துரைமார்களின் கண்ணெல்லாம் காப்பியின் மேல். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு அதிகாரியாக வந்தவர் ஹென்றி ரிட்லி. இந்த மரத்தில் பெரிய பயன் இருக்கிறது என்று அவர் ஓயாமல் சொல்லிவந்தார். சந்திக்கும் தோட்டக்காரர்களின் சட்டைப் பைகளில் விதைகளைத் திணித்து, நட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் குவிந்து, விலை விழுந்து, இங்கே காப்பி நட்டவர்கள் கை நொடித்துப் போனார்கள். அப்போதுதான் ரப்பர் கண்ணில் பட்டது. காஜாங் பக்கத்து இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கின்டர்ஸ்லி சகோதரர்களும், 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனரும் துணிந்து நட்டார்கள். மோட்டார் வண்டி பெருகியது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1920-களில் உலகத்திலேயே அதிகமாக ரப்பர் விளைந்த நாடு மலாயா. அந்த வளத்தில் அதை விளைவித்த நம் முன்னோருக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பது வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இருபது வருடம் அந்த மரத்தில் பால் இல்லாமலா இருந்தது? இருந்தது. பார்க்கும் கண்தான் இல்லை. பாலை எடுக்கும் வகையும் தெரியவில்லை.

வெட்டத் தெரிந்த கை

அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் மரம் புண்ணாகி, முண்டு முண்டாகிப் பட்டை கெட்டுப்போகும். ரிட்லி 1890-களில் செய்த பரிசோதனைகளில் ஒரு வழி தெரிந்தது. ஒரே வெட்டுக் கோட்டில், மறுமுறை மிக மெல்லிய பட்டையை மட்டும் சீவினால் மரம் கெடாது, பட்டை மறுபடியும் வளரும், பாலும் தொடர்ந்து வரும். இன்னொரு அதிசயமும் தெரிந்தது. புதிதாகத் திறந்த மரம் முதல் வெட்டில் கொஞ்சமாகத்தான் பால் தரும். அடுத்தடுத்த வெட்டுகளில் பால் கூடும். மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் மங்கில் பால் குறைவு என்பதற்காக எந்தத் தண்டலும் அந்த மரத்தைச் சாய்க்கச் சொன்னதில்லை.

ஆனால் நம் பிள்ளைகளை முதல் மங்கைப் பார்த்தே தீர்த்துக் கட்டிவிடுகிறோம்.

பால் வெட்டில் தேர்ந்த கையை எப்படி அறிவீர்கள்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொடக்கூடாது. தொடாமல் சீவினால், சீவிய இடத்தில் புதுப்பட்டை வழுவழுப்பாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்து அதே இடத்தை மறுபடி வெட்டலாம். தொட்டுவிட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் முண்டு விழும், பிறகு அங்கே வெட்டவும் முடியாது, பாலும் வராது. மரத்தில் காயத்தைக் கண்டால் கிராணி எப்படிக் கோபிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிள்ளையைத் திருத்துவதும் பால் வெட்டுப் போலத்தான். திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கத்தி படாத மரத்தில் பால் ஏது? ஆனால் எவ்வளவு ஆழம் என்பது தெரிந்திருக்க வேண்டும். "இந்தக் கணக்கில் நீ கவனம் வைக்கவில்லை" என்பது பட்டையில் விழும் வெட்டு. அது ஆறிவிடும், புதுப்பட்டை வளரும். "நீ பிறந்ததே தண்டம்" என்பது உயிர்ப்படலத்தில் விழும் வெட்டு. "இரவில் கைத்தொலைபேசியை மூடிவைத்துவிட்டுப் படி" என்பது பட்டை. "அடுத்த வீட்டுப் பிள்ளையின் காலைக் கழுவிக் குடி" என்பது காயம். மரத்துக்குக் காயம் படாமல் வெட்டுவதற்கு இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு எவ்வளவு கவனமாக நின்றோம்! அதில் பாதிக் கவனத்தோடு வீட்டில் பேசினால் போதும்.

பட்டம் பெறாத பேராயர்

இனி நம் இனத்தில் பிறந்த ஒருவரைச் சொல்கிறேன். 1874-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில், ஓர் ஏழைப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1889-இல் தகப்பனார் இறந்துபோனார். இருந்தும் படித்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். கணிதம் அவருடைய பாடம். ஆனால் இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் நோயில் விழுந்தார். தேர்வு எழுத முடியவில்லை. பி.ஏ. பட்டம் இல்லாமலே கல்லூரியை விட்டார். தகப்பன் இல்லாத பிள்ளை, பட்டமும் வாங்காமல் வெளியே வந்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

அவர் அதோடு முடங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் ஊழியராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளையரை எதிர்பாராமல் தாங்களாகவே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். இதை நம் ஊரில் செய்ய முடியாதா என்ற கேள்வியோடு திரும்பினார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவானது. தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் அவர்களுடைய ஊழியக் களம். 1909-இல், வயது 35 ஆகும்போது, அசரியா குருவாக அபிஷேகம் பெற்று அங்கேயே போய்த் தங்கினார். தெரியாத ஊர், பேசாத மொழி. கடல் தாண்டி வந்த நம் பாட்டன்மார்களின் நிலையை எண்ணிக்கொள்ளுங்கள். 1912 டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தா நகரில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் செய்யப்பட்டார்.

அந்தத் தோர்ணக்கல் வட்டாரத்தில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட மக்கள். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள், எழுத்து அறியாதவர்கள். இவர்களால் என்ன ஆகும் என்று உலகம் சொன்னது. அசரியா அவர்களுக்குள்ளிருந்தே கிராம ஆசிரியர்களையும் போதகர்களையும் எழுப்பினார். பாதியில் படிப்பை விட்டவருக்கு, படிப்பே கிடைக்காதவர்களின் மதிப்புத் தெரிந்திருந்தது. பட்டம் வாங்காத அவருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவச் சட்ட முனைவர் பட்டம் கொடுத்தது. 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் இறந்தார்.

பார்த்தீர்களா, பட்டம் வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயில் விழுந்தவர் வேறு, படிக்காமல் சுற்றியவர் வேறு. எல்லாருமே பேராயர் ஆகிவிடுவார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. மூடிய ஒரு கதவு மனிதனின் முழு அளவு அல்ல என்பதைத்தான் சொல்கிறேன். ஆண்டவர் நம்மில் வைத்தது பெரிதோ சிறிதோ, அது நம் தோல்வியால் அழிந்துபோவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

நல்ல வார்த்தை போதாது, வழியும் வேண்டும் என்பீர்கள். நியாயம்தான்.

பெற்றோரே, முடிவு வந்த முதல் வாரத்தில் எந்தப் பெரிய பேச்சும் வேண்டாம். பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா என்று மட்டும் பாருங்கள். தனியே அறையில் அடைந்து கிடக்க விடாதீர்கள். வாழ்க்கையே வேண்டாம் என்பது போல ஒரு பேச்சு வந்தால், சும்மா மிரட்டுகிறான் என்று தள்ளிவிடாதீர்கள். உடனே பக்கத்தில் இருங்கள். போதகரையோ, ஆசிரியரையோ, மருத்துவரையோ கூப்பிடுங்கள். கோலாலம்பூரில் பெஃப்ரெண்டர்ஸ் என்ற அமைப்பு இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் கேட்கக் காத்திருக்கிறது. அதில் பேசுவது வெட்கமல்ல. கோபம் ஆறும், மதிப்பெண்ணும் மாறும், போன உயிர் திரும்பாது.

அடுத்தது, எது போயிற்று, எது போகவில்லை என்று நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும். இவற்றில் தவறியவர் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுத வழி உண்டு. ஒன்பது பாடம் போயிற்று என்று அழுகிற வீட்டில், உண்மையில் கதவை அடைத்து நிற்பது ஒரு பாடமாக இருக்கலாம்.

புத்தகம் ஏறாத பிள்ளைக்கும் வழி உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. எஸ்.கே.எம். என்பார்கள். மோட்டார் பழுது, மின்கம்பி வேலை, பற்றவைத்தல், சமையல், தையல் என்று கையால் செய்யும் திறமையை அளந்து, மூன்று நிலைகளில் சான்றிதழும், அதற்கு மேல் டிப்ளோமாவும் கொடுக்கிறார்கள். வீட்டில் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுகிற பையனை, குப்பை சேர்க்கிறான் என்று திட்டுவதற்கு முன் கொஞ்சம் நின்று அவன் கையைப் பாருங்கள்.

இந்தக் கண்ணோட்டத்தோடு நம் பக்கத்திலேயே ஒரு நிலையம் நடந்துவருகிறது. ஷா ஆலாமிலுள்ள மோன்ஃபோர்ட் சிறுவர் நகரம். புனித காபிரியேல் சபைச் சகோதரர்கள் 1959-இல் தொடங்கியது. வசதி குறைந்த, பள்ளிப் படிப்பில் பின்தங்கிய இளைஞர்களுக்கு, இனம் மதம் பாராமல், அங்கே தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். பர்னபாவின் வேலையை நிறுவனமாகவே நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது வயதில் தோற்றவனுக்குப் பதினேழு வயதுக்காரனுக்குக் கிடைக்கும் அனுதாபம் கிடைக்காது. அதனால் அவன் வலியைச் சொல்வதுமில்லை. வேலை போன தகப்பனே, உம்முடைய கை இன்னும் கைதான். கடனில் விழுந்த சகோதரனே, கடனை மறைக்காமல் வீட்டில் சொல்லும். பங்கு போட்டால் பாரம் குறையும். தவறு நம்முடையதாக இருந்தால் அதை ஒத்துக்கொள்வதும் அவசியம். பேதுரு மூன்று முறை ஆண்டவரை அறியேன் என்று சொன்னார். பிறகு மனங்கசந்து அழுதார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, அவரை முதலில் பசியாறச் சொன்னார். அதன் பிறகுதான் கேள்வி கேட்டார். மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்டு, மூன்று முறையும் வேலையைக் கொடுத்தார். இதை யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தில் படித்துப் பாருங்கள். ஆண்டவர் பேதுருவின் தவறை இல்லை என்று சொல்லவில்லை. தவறு இருந்தபோதும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கவும் இல்லை.

அன்பர்களே, இன்று நம் பக்கத்தில் பால் மரம் குறைந்து செம்பனையும் வீடமைப்புகளும் பெருகிவிட்டன. மரம் போனாலும் அது கற்பித்த பொறுமை நம்மை விட்டுப் போகக்கூடாது. உங்கள் வீட்டிலோ, உங்கள் வரிசையிலோ, உங்கள் சபையிலோ, எல்லாரும் கைவிட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார். இந்த வாரம் அவரைத் தேடிப் போங்கள். புத்தி சொல்லப் போக வேண்டாம். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். திரும்பி வரும்போது, அவரால் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை நம்பி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஜெபிக்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

அந்தக் கைவிடப்பட்டவர் நீங்களாகவே இருந்தால், உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. மனிதர் உங்களுக்கு வைத்த பெயரால் ஆண்டவர் உங்களைக் கூப்பிடுவதில்லை. நாளைக் காலை எழுந்து முகம் கழுவி, உங்களால் முடிந்த ஒரு வேலையைச் செய்யுங்கள். மங்கில் பால் கொஞ்சமாக இருந்தாலும் கவலை வேண்டாம். மறுநாளும் வெட்டுங்கள்.

இரக்கமுள்ள ஆண்டவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.